மூன்றாவது தையல் மெஷின்

1

வின்னிபெக் நகரத்தில் ஒரே அலுவலகத்தில் இருபது வருடம் குப்பை கொட்டியவனுக்கு ஒரு கேக்கும் ஒரு சங்கடமும் தருவார்கள். கேக்கின் மேல் எழுதப்போகும் என் பெயரைச் சரிபார்க்கச் சொல்லி எனக்கே அனுப்பியிருந்தார்கள். இருபது வருடமாக எழுதிவரும் அதே பிழை. சரியாக இருக்கிறது என்று பதில் போட்டேன். பழகிய பிழையை விட மனம் வரவில்லை. சங்கடம், மேலதிகாரியின் வடிவில் வந்தது.

"விருந்தன்று உங்கள் முயற்சியால் வேலைக்குப் போன ஒருவரைத் திரையில் பேச வையுங்கள். இரண்டு நிமிடம் போதும். எல்லோரும் நெகிழ்ந்துவிடுவார்கள்" என்றார். இந்த ஊரில் நெகிழ்வதற்கும் நேரம் குறித்துவிடுவார்கள். மாலை ஆறு முப்பதிலிருந்து ஆறு முப்பத்திரண்டு வரை.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கு ஏற்ற வேலையைக் கண்டுபிடித்து, அதில் அவர்கள் நிலைக்கிறவரை கூடவே இருக்கும் ஆலோசகர்கள் உண்டு. அந்த ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் நான். அதாவது, நானாக யாருக்கும் வேலை வாங்கிக் கொடுத்ததில்லை. எப்படி வாங்கிக் கொடுப்பது என்று, வாங்கிக் கொடுக்கிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். நீச்சல் குளத்தின் கரையில், உடம்பு நனையாமல் விசிலோடு ஒருவர் நிற்பாரே, அந்த ரகம்.

தமிழில் இந்தத் துறைக்குத் 'தொழில்சார் மறுவாழ்வு' என்று பெயர். எங்கள் ஆலங்குடிப் பக்கம் மறுவாழ்வு என்றால் குடியை நிறுத்தப் போகிற இடம். "எம்மவன் கனடாவுல மறுவாழ்வு மையத்துல இருக்கான்" என்று அம்மா வருடக்கணக்கில் பெருமையாகச் சொல்லிவந்ததன் பலன், ஊருக்குப் போகும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் என் கண்ணை உற்றுப் பார்த்து, "இப்பப் பரவாயில்லையாப்பா?" என்று கேட்கிறார்கள். பரவாயில்லை என்பேன். அவர்களுக்கும் நிம்மதி.

திரையில் பேச வைக்க ஒரே ஒரு பெயர்தான் எனக்குத் தோன்றியது. ஜெயந்தி. அவள் வேலைக்குப் போனது என் முயற்சியால்தானா என்பது வேறு விஷயம். அதைத்தான் எழுதப் போகிறேன்.

2

போன தை மாதம் ஆலங்குடியில் ஓர் அறக்கட்டளை, புதிதாகச் சேர்ந்த பதினொரு ஆலோசகர்களுக்கு இரண்டு வாரம் பயிற்சி தரச் சொல்லி என்னை அழைத்தது. விடுமுறை போட்டுவிட்டுப் போனேன். புதுக்கோட்டையில் பஸ் ஏறி, டிக்கெட் கொடுத்த கண்டக்டரிடம் கனடா பழக்கத்தில் "ரொம்ப நன்றிங்க" என்றேன். அவர் டிக்கெட்டைத் திரும்ப வாங்கி, சரியாகத்தான் கிழித்திருக்கிறோமா என்று பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

பயிற்சி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். பந்தி மேசைகளுக்குப் பின்னால் பதினொரு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசினாலும் அடுத்து சாம்பார் ஊற்ற வேண்டும்போல இருந்தது.

முதல் நாளே என் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். இருபது வருடமாக நான் விற்றுவரும் ஒரே சரக்கு அது. இளைஞரிடம் நேரடியாக, 'உங்களுக்கு என்ன வேலை செய்ய ஆசை?' என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வாயை மூடி, மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். நடுவில் பேசக் கூடாது. பெற்றோரைப் பார்க்கக் கூடாது. அந்த மௌனத்தில்தான் உண்மையான பதில் வரும்.

நடித்துக் காட்டினேன். வல்லத்திராக்கோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்துபோகும் சகாயமேரி என்ற ஆலோசகர், வேலை தேடும் பெண்ணாக எதிரில் உட்கார்ந்தார். இருபத்தெட்டு வயதிருக்கும். கேள்வியைக் கேட்டேன். மௌனமானேன். ஐந்து எண்ணுவதற்குள் சகாயமேரி தாழ்ந்த குரலில், "சார், மறந்துபோச்சா? காபி எதுவும் சொல்லட்டுமா?" என்றார். பின்னால் இருந்து ஒருவர், "ஜெட் லாக்கும்மா, தொந்தரவு பண்ணாத" என்றார்.

போன வருடம் யாருக்கு என்ன வேலை பரிந்துரைத்தார்கள் என்று பழைய கோப்புகளைப் புரட்டினோம். ஆணென்றால் செல்போன் ரிப்பேர் அல்லது ஜெராக்ஸ் கடை. பெண்ணென்றால் தையல். கண் பார்வை குறைந்தவருக்கும் தையல். கை நடுங்குகிறவருக்கும் தையல். மனிதருக்கு ஏற்ற வேலையா, வேலைக்கு ஏற்ற மனிதரா என்று அரைமணி நேரம் முழங்கினேன். முடிந்ததும் சகாயமேரி கையைத் தூக்கினார்.

"சார், இதையெல்லாம் இங்க சொல்லி என்ன புண்ணியம்? திங்கக்கெழம ஒரு பொண்ணுக்கு தையல் மெஷின் குடுக்கப் போறாங்க. நாளைக்கு வீட்டுக்குப் போவோம், வாரீங்களா?"

3

ஜெயந்திக்கு இருபத்தொரு வயது. பிறந்ததிலிருந்தே இரண்டு கால்களிலும் வலுவில்லை. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில், நாங்கள் போய் நின்றபோது, வாசலிலேயே இருந்தாள். அப்பா ரெங்கசாமி முல்லை பயிரிடுகிறவர். விடியற்காலையில் பறித்த பூவை மொபெட்டில் கொண்டுபோய்ச் சந்தையில் போடுவார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் டிவியைப் பார்த்தேன். டிவிக்குக் கீழே ஒரு தையல் மெஷின்.

"அது மொத மெஷின் சார்" என்றாள் ஜெயந்தி. "ஸ்கூல் முடிச்சப்ப குடுத்தாங்க. ரெண்டாவது கொல்லையில இருக்கு. ட்ராயர்ல கோழி முட்டையிட்டு அடகாக்குது. இப்ப எழுப்ப முடியாது."

இரண்டுமே காலால் மிதிக்கிற மெஷின்கள். கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் போட்டோ எடுத்தவர்களும் ஒருவர் பாக்கியில்லாமல் அதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். கனடாக்காரர்கள் இதை விடத் திறமைசாலிகள் என்று நினைத்துவிடாதீர்கள். பதினான்கு பக்கப் படிவத்தை நிரப்பிய பிறகு எங்கள் கம்ப்யூட்டர், மகரந்தம் ஒத்துக்கொள்ளாத ஒருவரைத் தோட்ட வேலைக்குப் பரிந்துரைத்தது. அந்தப் படிவத்தைத் தயாரித்த குழுவில் நானும் இருந்தேன்.

மூன்றாவது மெஷினை வேறொரு சங்கம் கொடுக்கிறது. திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு விழா. மேடையில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டால், 'தொழில் அமைந்தது' என்று அறக்கட்டளையிலும் ஜெயந்தியின் கோப்பை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு மூன்று வருடத்துக்கு சகாயமேரி இவளுக்காக எங்கும் போய் நிற்க முடியாது. விதி அப்படி.

"அப்ப வேணாம்னு சொல்லிரலாமே" என்றேன்.

ரெங்கசாமி பதறிப்போனார். "அதெப்புடிங்க? கூப்புட்டுக் குடுக்குறவங்கள வேணாம்னா, நாளைப்பின்ன நம்மள யாரு கூப்புடுவா? மரியாதையா இருக்காது சார்."

நான் நாற்காலியை ஜெயந்தியின் பக்கம் திருப்பிப் போட்டு, முறைப்படி கேட்டேன். "ஜெயந்தி, உங்களுக்கு என்ன வேலை செய்ய ஆசை?"

ஒன்று, இரண்டு, மூன்று. நான்கில் அப்பா, "தையல்தான் சார்" என்றார். ஏழில் அம்மா காபியும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தார். பத்து முடிந்தது. ஜெயந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வரவில்லை. இருபது வருடச் சரக்கு முதல் முறையாக விலைபோகவில்லை.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆடு, பறித்துவைத்திருந்த பூக்கூடையை மோந்து பார்த்தது. ஜெயந்தி வாயைத் திறந்தாள்.

"ஏய்ய்ய்... யாரு ஆடு அது! இங்கிட்டு வந்த, பிரியாணிதான்டி!"

ஆடு போய்விட்டது. தெருவில் போன ஒரு சைக்கிளும் நின்றுவிட்டது. என் டம்ளரில் இருந்த காபி லேசாக ஆடியதாகத்தான் எனக்கு இன்றுவரை ஞாபகம்.

சகாயமேரி சிரித்துக்கொண்டே, "இந்தத் தொண்டைய வச்சுக்கிட்டு என்னதாண்டி பண்றதா உத்தேசம்?" என்று கேட்டார்.

"ஏலம் கூறணும்க்கா. பூச்சந்தையில."

அம்மா சிரித்தார். அப்பா, "வெளையாட்டுக்குச் சொல்லுது சார்" என்றார்.

"வெளையாட்டுக்கு இல்லப்பா. சின்னதுல ஒங்க மொபெட்ல ஒக்காந்து வருவேன்ல, அப்பத்துல இருந்தே" என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, "சார், நீங்க கேட்டப்பவே சொல்லிருப்பேன். கேட்டுட்டு மொறச்சுக்கிட்டே இருந்தீங்களா, பயந்துட்டேன்" என்றாள்.

4

மறுநாள் சகாயமேரியும் நானும் சந்தைக்குப் போனோம். ரெங்கசாமி பூப் போடுகிற கமிஷன் கடையின் முதலாளி காதர் பாய். விவசாயிகள் கொண்டுவரும் பூவை எடை போட்டு, வியாபாரிகளுக்கு ஏலம் விடுகிற கடை. ஏலம் கூறுகிறவர் செல்லையா என்ற பெரியவர். ஒரு மேடையில் நின்றுகொண்டு கூவுவார்.

நான் இரவல் பேனாவோடு, முதல் நாளே தமிழில் பெயர்த்து வைத்திருந்த ஆறு பக்கப் 'பணியிட இடர் மதிப்பீட்டுப் படிவத்தை' எடுத்தேன். "பணியிடத்தில் வழுக்கும் பரப்புகள் உள்ளனவா?"

காதர் பாய் காலடியில் மிதிபட்டுக் கிடந்த ஈரப் பூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சார் எங்கிருந்து வாரீங்க?"

"கனடா."

"அங்க பூ வழுக்காதா?"

பிறகு விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், சிரிக்காமல் கேட்டார். "பொம்பளப் புள்ள ஏலம் கூறி நான் பாத்ததில்ல சார். அதுவும் மேடையில ஏறி நிக்கணும். நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். தையல் கெய்யல் படிக்கச் சொல்லுங்களேன்."

நான் சம வாய்ப்பு, உரிமை என்று ஆரம்பிக்கப் போனேன். சகாயமேரி என் படிவத்தை மெதுவாக வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு பேசினார் பாருங்கள். பாயின் மகள் பிரசவத்துக்கு வந்துவிட்டாளா, எத்தனாவது மாதம், மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்ததா, மழை இந்த வருடம் பூவை என்ன செய்தது என்று இருபது நிமிடம் போனது. பத்து விநாடியெல்லாம் எந்த மூலைக்கு! கடைசியில், வேறெதையோ கேட்பதுபோலக் கேட்டார்.

"செல்லையாண்ணனுக்குத் தொண்ட எப்புடி இருக்கு பாய்?"

"அத ஏன் கேக்குற. நேத்து சம்பங்கி ஏலம் விட்டாரு, தவள கத்துதுன்னு பாதிப் பேரு டீக்கடைக்குப் போயிட்டான்."

"அடுத்த வாரம் வரிசையா முகூர்த்தமாச்சே?"

"அதான் பயந்துபோய்க் கெடக்கேன்."

"திங்கக்கெழம ஒரே ஒரு காலை, அவரு தொண்டைக்கு லீவு குடுங்க. அன்னைக்கு முகூர்த்தம் இல்ல, கூட்டமும் கம்மியா இருக்கும். நம்ம ஜெயந்தி கூறட்டும். சரிப்படலேன்னா நானே வந்து கூட்டிட்டுப் போயிடுறேன்."

"யாரு மக?"

"முல்லை ரெங்கசாமியண்ணன் மக."

"மொபெட்ல ஒக்காந்துக்கிட்டு, எங்கடையப் பாத்துப் பழிப்புக் காட்டுமே, அந்தப் புள்ளையா?"

"பழிப்புக் காட்டல பாய். ஏலம் கூறிப் பழகிருக்கு."

காதர் பாய் கொஞ்ச நேரம் செல்லையாவைப் பார்த்தார். செல்லையா எதையோ சொல்ல வந்து இருமினார். "சரி, வரச் சொல்லு" என்றார் பாய்.

எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. சகாயமேரியோ, "இருங்க பாய், அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன்" என்று போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். கிடைத்ததைக் கெடுத்துக்கொள்கிறாரே என்று பின்னாலேயே நாலடி போனேன். போனில், "திங்கக்கெழம, ஒரு காலை, அன்னைக்குக் கூலி உண்டு. ஒனக்குச் சம்மதமா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். பிறகு வந்து, "வாரேங்குறா. ஆனா கீழ ஒக்காந்து கூவ மாட்டாளாம். எல்லாருக்கும் தெரியுற மாதிரி மேல இருக்கணுமாம்" என்றார்.

"மேடையில வண்டி ஏறாதே" என்றார் பாய். தாடியைத் தடவினார். "நம்ம குட்டியானை நிக்கிதுல்ல? பின்கதவத் தெறந்துவிட்டா அதுவே மேடைதான். லோடு ஏத்துற பலகை கெடக்கு."

குட்டியானை என்பது பூ ஏற்றும் சின்ன லாரி. கனடாவில் இப்படி மேடை அமைத்துக் கொடுப்பதற்கு 'நியாயமான வசதி ஏற்பாடு' என்று பெயர்; விண்ணப்பித்தால் மூன்று மாதத்தில் ஒரு குழு பார்வையிட வரும்.

என் பாடத்தில் இருந்த எல்லா விதியையும் சகாயமேரி உடைத்திருந்தார். சிரித்துக்கொண்டே கேள்வி கேட்டார், முதலாளியிடம் குடும்பக் கதை பேசினார். ஒன்றை மட்டும் விடவில்லை: ஒவ்வொரு அடிக்கும் ஜெயந்தியிடம் கேட்டார். அதற்காகத்தானே ஐயா அந்தப் பத்து விநாடி என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது.

5

திங்கட்கிழமை காலை ஆறு மணி. குட்டியானையின் மேல், வண்டியில் ஜெயந்தி. மஞ்சள் சுடிதார். கீழே வியாபாரிகள் முப்பது பேர். ரெங்கசாமி வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார், ஏலத்துக்காக அல்ல. "பதினோரு மணிக்கு விழா இருக்கு சார். இங்க ஆனா ஆகட்டும், ஆகலேன்னா அங்க வாங்கிக்கிருவோம்" என்று என்னிடம் சொல்லிவைத்திருந்தார்.

முதல் கூடை முல்லையை எடை போட்டார்கள். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஜெயந்தி வாயைத் திறக்கவில்லை.

வண்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் எண்ணினேன். ஆறு, ஏழு. காதர் பாய் காலை மாற்றி நின்றார். பத்து. என் பாடம் பத்தோடு முடிகிறது. அதற்கு மேல் என்ன செய்வதென்று நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. பன்னிரண்டில் எனக்குத் தாங்கவில்லை. "ஜெயந்தி, மெதுவா..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

முழங்கைக்கு மேலே சுரீரென்று ஒரு கிள்ளு. சகாயமேரி. "சார், எண்ணுங்க" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. அவருடைய இன்னொரு கையில் ரெங்கசாமியின் துண்டு நுனி இருந்தது. அவரும் எதையோ சொல்லப் போயிருக்க வேண்டும்.

இருபதோ இருபத்தொன்றோ. முன்னால் நின்ற பச்சைத் துண்டுக்காரர் பொறுமையிழந்தார். "ஏத்தா, ஏலம் கூறப் போறியா, இல்ல எங்களப் படம் புடிக்க வந்தியா?"

கூட்டம் சிரித்தது. ஜெயந்தி அவரைப் பார்த்தாள்.

"அவசரமா இருந்தா நீங்களே ஒரு வெலை சொல்லுங்கண்ணே, ஆரம்பிச்சிருவோம்!"

அந்தக் குரல் சந்தையின் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. பச்சைத் துண்டுக்காரர் திடுக்கிட்டு, "அ... அறுநூறு" என்றார்.

"அறுநூறு! பச்சத்துண்டு அண்ணன் அறுநூறு! அவரே வந்ததும் வராததுமா அறுநூறு சொல்றாருன்னா, பூவு எப்புடின்னு பாத்துக்கங்க! அறுநூத்தி அம்பது யாரு?"

அதற்குப் பிறகு நான் எதையும் எண்ணவில்லை. மூன்றாவதாக ரெங்கசாமியின் கூடை வந்தபோது, "இது எங்கப்பா பூவு. அதுக்காக எனக்குக் கூசும்னு நெனச்சு கொறச்சுக் கேட்டுறாதீங்க. எனக்கு அந்தப் பழக்கம் இல்ல!" என்றாள். பச்சைத் துண்டுக்காரர்தான் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதிக விலைக்கு எடுத்தார். செல்லையா தராசுப் பக்கம் போய் நின்றுகொண்டு, "எடைய இனிமே நான் பாத்துக்கிறேன். தொண்டைக்கு நல்லது" என்று தவளைக் குரலில் சொன்னார்.

காதர் பாய் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சகாயமேரியிடம் வந்து, "பத்தரைக்குக் கனகாம்பரம் லோடு வருது, புள்ளைய இருக்கச் சொல்லு. நாளைக்கு ஒரு பத்து நிமிசம் முன்னாடியே வரணும்" என்றார். ஜெயந்தி மேலேயிருந்தே, "சரி பாய்" என்றாள். அங்கிருந்து அவள் சொன்னதால் அது ஊருக்கே கேட்டது.

பதினோரு மணிக்கு விழாவுக்கு நாங்கள் மூவரும் போனோம்: ரெங்கசாமி, சகாயமேரி, நான். மேடையில் மூன்றாவது மெஷின் மாலையோடு நின்றது. 'ஜெயந்தி' என்று மைக்கில் அழைத்தார்கள். ரெங்கசாமி எழுந்தார். வாங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சகாயமேரியின் முகமும் அப்படித்தான் இருந்தது. ரெங்கசாமி மேடைக்கு ஏறவில்லை. நின்ற இடத்திலேயே கும்பிட்டார்.

"மன்னிச்சுக்கங்க. எம்மக வேலைக்குப் போயிருக்கு. லீவு கெடைக்கல."

மைக்கில் அழைத்தவர் பட்டியலை இன்னொரு முறை பார்த்தார். பிறகு மேடையில் இருந்தவர், "அப்ப நல்லதுதானே!" என்று கைதட்டினார். நிஜமாகவே தைக்கத் தெரிந்த ஒரு பெண் மூன்றாவது வரிசையில் இருந்தார். மெஷினும் மாலையும் அவருக்குப் போயின. ரெங்கசாமி உட்கார்ந்தவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் இல்லாமல், "லீவு கெடைக்கல" என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

6

விருந்தன்று திரையில் வந்து பேசச் சொல்லி ஜெயந்திக்கு நான் அனுப்பிய தகவலுக்குக் குரல் பதிவில் பதில் வந்தது. வின்னிபெக் பஸ்ஸில் வைத்துத் தெரியாமல் சத்தமாகப் போட்டுவிட்டேன். டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"சார், ஒங்க சாயங்காலம் ஆறரை எங்களுக்குக் காலையில ஆறு மணி. முல்லை எறங்குற நேரம். அன்னைக்கு முகூர்த்தம் வேற. வர முடியாது, தப்பா நெனச்சுக்காதீங்க. கேக்க எனக்கும் சேத்துச் சாப்புடுங்க."

பக்கத்தில் இருந்த என் மகள் நிலா, பதினேழு வயது, காதிலிருந்து பாட்டுக் கேட்கும் கருவியை எடுத்தாள். தமிழ் புரியும், பேசும்போது மட்டும் ஒவ்வொரு சொல்லையும் சூடான பாத்திரத்தைத் தூக்குவதுபோலத் தூக்குவாள். "அப்பா, அவங்க உங்களுக்கு நோ சொல்லிட்டாங்க" என்றாள். "எனக்கு அவங்களைப் பிடிச்சிருக்கு."

நிலாவுக்கு மருந்தாளுநர் படிப்பு என்று நான் எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தேன். தையல் மெஷின் மாதிரிதான். அன்று பஸ்ஸிலேயே, என்ன படிக்க ஆசை என்று அவளிடம் கேட்டேன். கேட்டுவிட்டு முறைக்காமல் ஜன்னல் பக்கம் பார்த்தேன். பத்து நாள் ஆகிறது. பேசாமல் எண்ணிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி, "யாராவது உங்களைக் கிள்ளிக்கிட்டே இருக்கணும்" என்கிறாள்.

விருந்தன்று சரியாக ஆறு முப்பதுக்கு மேலதிகாரி திரையைக் காட்டி என்னை அழைத்தார். திரை வெறுமையாக இருந்தது. அறுபது பேர் நெகிழத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து நின்று சொன்னேன்.

"மன்னியுங்கள். அவர் வேலையில் இருக்கிறார். வர முடியாது."

இருபது வருடத்தில் நான் கொடுத்த மிகச் சின்ன அறிக்கை அது. அதைவிட நல்லது ஒன்றைக் கொடுத்ததாகவும் ஞாபகமில்லை. ஒரு நிமிடம் ஐம்பது விநாடி மிச்சமிருந்ததால் கேக்கை வெட்டிவிட்டார்கள். பிழையான எழுத்து இருந்த துண்டு எனக்கே வந்தது. சாப்பிட்டுவிட்டு, ஜெயந்தியின் பங்கு என்று சொல்லி இன்னொரு துண்டும் வாங்கிக்கொண்டேன்.